அமெரிக்க கன்சர்வேட்டிவ்கள் கேட்பது என்ன? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

கன்சர்வேட்டிவ் என்பதைத் தமிழில் பழமைவாதி என்று சொன்னால் போதாதா?

அகராதிக்குப் போதும், பேச்சுக்குப் போதாது. தமிழில் ஒருவரைப் பழமைவாதி என்றால் பாதி திட்டியது மாதிரிதான். அமெரிக்காவிலோ கோடிக்கணக்கானோர் தங்களைப் பெருமையோடு கன்சர்வேட்டிவ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கம் நிற்பவர்களை அங்கே லிபரல் என்பார்கள். ஐரோப்பாவில் அதே சொல் பெரும்பாலும் சந்தைச் சுதந்திரம் பேசுபவர்களைக் குறிக்கும். செய்தி படிக்கும்போது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். நம் வாசகர்களுக்கு அது ஒரு கட்சியின் பெயராகக் கேட்கும் என்பதால் இங்கே நாடாளுமன்றம் என்றே எழுதுகிறோம்.

அவர்கள் அடிப்படையில் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்கள்?

1787-ல் பிலடெல்பியாவில் எழுதி 1789-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தை. கூடவே குடும்பம், தேவாலயம், சொந்த ஊர், சொந்தச் சொத்து. ஒரு விவகாரம் வந்தால் "எது சரி" என்பதற்கு முன்னால் "அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு" என்று கேட்பது இவர்கள் வழக்கம். வாஷிங்டனுக்கா, மாநிலத்துக்கா? நீதிபதிக்கா, வாக்காளருக்கா? அதிகாரிக்கா, நாடாளுமன்றத்துக்கா? பள்ளி நிர்வாகத்துக்கா, பெற்றோருக்கா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், கருக்கலைப்பு, துப்பாக்கி, பள்ளிக்கூடம், இறக்குமதி வரி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவை போலத் தெரிகிற சண்டைகள் எல்லாம் ஒரே நூலில் கோத்தவை என்பது தெரியும்.

இந்தக் கேள்வி நியாயமானது என்பது எங்கள் எண்ணம். அதனால்தான் தங்கள் ஆள் பதவியில் இருக்கும்போது அதைக் கைவிடும் கன்சர்வேட்டிவ்களையும் கீழே மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

குடியரசுக் கட்சியும் கன்சர்வேட்டிவ் இயக்கமும் ஒன்றுதானே?

இன்று பெரிதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் கட்சி மூத்தது, இயக்கம் இளையது. வில்லியம் பக்லி 1955-ல் நேஷனல் ரிவ்யூ இதழைத் தொடங்கியபோது கட்சிக்குள் இவர்கள் சிறுபான்மை. சந்தைச் சுதந்திரம் பேசுவோர், மத மரபைப் பேசுவோர், கம்யூனிசத்தை எதிர்ப்போர் என்று மூன்று தரப்பையும் அந்த இதழைச் சுற்றி ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். 1964 அதிபர் தேர்தலில் இவர்கள் பக்கத்து பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டு 50 மாநிலங்களில் வெறும் 6-ல் ஜெயித்தார். 16 ஆண்டு கழித்து ரொனால்ட் ரீகன் அதே கருத்துகளோடு அதிபரானார். அவர் காலத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து 28 ஆக இறங்கியது.

1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. மூன்று தரப்பையும் கட்டி வைத்திருந்த கயிறும் அதோடு தளர்ந்தது. இன்றைக்கு இறக்குமதி வரியும் குடியேற்றக் கட்டுப்பாடும் கேட்கும் தேசியவாதிகள் ஒரு பக்கம். செனட்டர் ராண்ட் பால், கென்டக்கியின் தாமஸ் மேஸி போல அரசு எதிலும் தலையிடக் கூடாது என்போர் இன்னொரு பக்கம். தேவாலயத்தை மையமாகக் கொண்டவர்கள் வேறொரு பக்கம். "கன்சர்வேட்டிவ்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள்" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், எந்தத் தரப்பைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

நீதிபதி நியமனத்துக்கு ஏன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள்?

அரசமைப்பைத் திருத்துவது அங்கே மலையைப் பெயர்க்கிற வேலை. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். இத்தனை காலத்தில் 27 திருத்தங்கள்தான் தேறியிருக்கின்றன. கடைசியாக 1992-ல் நிறைவேறியதும் உண்மையில் 1789-ல் முன்மொழியப்பட்டது. திருத்த முடியாத சட்டத்துக்கு யார் பொருள் சொல்கிறாரோ அவர் கையில்தான் அதிகாரம்.

கன்சர்வேட்டிவ்களின் குற்றச்சாட்டு இதுதான்: 1960-களிலிருந்து நீதிபதிகள் பொருள் சொல்வதாகச் சொல்லிப் புதிய சட்டமே எழுதினார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் வைத்தது ஒரிஜினலிசம். அரசமைப்பின் ஒரு வாசகத்தை, அது ஏற்கப்பட்ட நாளில் சாதாரணக் குடிமகன் எப்படிப் புரிந்துகொண்டிருப்பானோ அப்படியே படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்று தோண்டுவது வேறு, இது வேறு. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

1982-ல் யேல், சிகாகோ பல்கலைக்கழகங்களின் கன்சர்வேட்டிவ் சட்ட மாணவர்கள் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1986-ல் ஒரிஜினலிசத்தை முன்வைத்த அன்டோனின் ஸ்காலியா உச்ச நீதிமன்ற நீதிபதியாக வந்தார். 2016 பிப்ரவரியில் அவர் இறந்ததும், ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரிக்கவே, நியமனத்தை ஏற்க வேண்டிய மேலவையான செனட் மறுத்தது. பிறகு 2017-ல் கோர்சச், 2018-ல் கவனா, 2020-ல் பேரட் என்று மூவரை டிரம்ப் நியமித்தார். மொத்தம் 9 பேரில் 6 பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் என்ற இன்றைய நிலை அப்படி வந்தது.

ஒரிஜினலிசத்தில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. வரலாறு கேட்டதற்கெல்லாம் பதில் தராது. 2022-ல் புரூயன் வழக்கில், இன்றைய துப்பாக்கிக் கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால் அதற்கு ஒத்த பழைய கட்டுப்பாட்டை வரலாற்றில் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கீழ் நீதிமன்றங்கள் 18-ம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தன. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு நீதிபதியும் ஒவ்வொரு விடை கண்டுபிடித்தார். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளான ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற ரஹீமி வழக்கு 2024-ல் வந்தபோது, அச்சு அசலான பழைய சட்டம் தேவையில்லை, அடியில் இருக்கும் கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று 8 பேர் சொன்னார்கள். மறுத்த ஒரே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். புரூயன் தீர்ப்பை எழுதியவரே அவர்தான்.

ரோ தீர்ப்பு ரத்தானதும் அமெரிக்கா முழுக்கக் கருக்கலைப்புக்குத் தடை வந்துவிட்டதா?

இல்லை. இது மிகப் பரவலான தவறு. 1973-ல் ரோ வழக்கில் 7-2 என்ற கணக்கில், கருக்கலைப்பு அரசமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் கன்சர்வேட்டிவ்களுக்கு இரண்டு குறைகள். கருவில் இருப்பது உயிர் என்பது ஒன்று. அரசமைப்பு இதைப் பற்றி வாயே திறக்காதபோது 9 பேர் இதை மாநிலங்களின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. 15 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான கருக்கலைப்புகளைத் தடுத்த மிசிசிப்பி சட்டம்தான் டாப்ஸ் வழக்காக மேலே போனது. 2022 ஜூன் 24 அன்று அந்தச் சட்டம் செல்லும் என்று 6 பேர் சொன்னார்கள். ரோவையே ரத்து செய்யலாம் என்றவர்கள் 5 பேர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. முடிவு மாநிலங்களுக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அதே ஆகஸ்டில் கேன்சஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். டிரம்புக்கு வாக்களித்த மாநிலம். சுமார் 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஒஹாயோவில் குடியரசுக் கட்சியினர் முன்கூட்டியே அணை போடப் பார்த்தார்கள். மாநில அரசமைப்பைத் திருத்தப் பாதிக்கு மேல் போதும் என்ற விதியை 60 சதவீதமாக உயர்த்த 2023 ஆகஸ்டில் தனி வாக்கெடுப்பு வைத்தார்கள். அது தோற்றது. நவம்பரில் கருக்கலைப்பு உரிமை சுமார் 57 சதவீதத்தோடு ஜெயித்தது. ஃபுளோரிடாவில் 60 சதவீத விதி ஏற்கெனவே இருந்ததால், 2024-ல் அங்கே அதே 57 சதவீதம் கிடைத்தும் தோல்வி.

முடிவை மக்களிடம் விடுங்கள் என்று 49 ஆண்டு கேட்டவர்களுக்கு, மக்கள் வேறு மாதிரி முடிவெடுத்தபோது என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் பேசி மனதை மாற்றுவோம் என்கிறது ஒரு தரப்பு. உயிர் என்றால் மாநில எல்லை தாண்டினால் மட்டும் உயிர் இல்லாமல் போகுமா, நாடு முழுக்க ஒரே வரம்பு வேண்டும் என்கிறது மற்றொரு தரப்பு. செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 2022 செப்டம்பரில் 15 வார வரம்பு மசோதாவை அதற்காகத்தான் கொண்டுவந்தார். இரண்டாவது தரப்பின் வேதனை உண்மையானது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் 50-ஐ 60 ஆக்கப் பார்த்ததை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

துப்பாக்கியை மளிகைச் சாமான் மாதிரி வாங்கிக்கொண்டு போகலாமாமே?

உரிமம் பெற்ற கடையில் முடியாது. நடைமுறை இப்படி. நீளத் துப்பாக்கிக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவரா என்று அதில் வரிசையாகக் கேள்விகள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். பிறகு கடைக்காரர், 1998 முதல் எஃப்பிஐ நடத்தும் சரிபார்ப்பு முறைக்குத் தகவல் அனுப்புவார். சில மாநிலங்களில் இதை மாநிலக் காவல் துறையே செய்கிறது. கொடுக்கலாம், கூடாது, பொறு என்று மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும்.

கோளாறு "பொறு" என்ற பதிலில் இருக்கிறது. 3 வேலை நாள் கழிந்தும் முடிவு வராவிட்டால், விற்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவன் அப்படித்தான் வாங்கினான். அவனுடைய கைதுப் பதிவு எந்தக் காவல் துறையிடம் இருக்கிறது என்று தேடியதில் தவறு நேர்ந்தது, கெடு முடிந்துவிட்டது. 2017-ல் டெக்சாஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் நடந்தது வேறு வகை. கொலையாளிக்கு ராணுவ நீதிமன்றத்தில் குடும்ப வன்முறைக்காகத் தண்டனை ஆகியிருந்தது. விமானப் படை அதைப் பதிவேட்டுக்கு அனுப்பவே இல்லை. கணினியில் பெயர் இல்லை, கடையில் துப்பாக்கி கிடைத்துவிட்டது.

இருக்கும் சட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள் என்ற கன்சர்வேட்டிவ் வாதத்துக்கு இந்த இரண்டும் வலுவான சாட்சி. அதே வாதம் பதிவேடுகளுக்குப் பணமும் ஆளும் கேட்கிறது. அதை மறந்துவிட்டு வாதத்தை மட்டும் சொல்பவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். 2018-ல் பதிவு அனுப்புவதை இறுக்கிச் சட்டம் வந்தது. 2022-ல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கெடுவை 10 வேலை நாள் வரை நீட்டினார்கள். அந்தச் சட்டத்துக்கு செனட்டில் 15 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள்.

ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரு தனி ஆட்கள் தங்களுக்குள் விற்றுக்கொண்டால் மத்திய சட்டப்படி சரிபார்ப்பு தேவையில்லை. பல மாநிலங்கள் அதற்கும் தனியாகக் கட்டாயம் வைத்திருக்கின்றன.

"நிர்வாக அரசு" என்று அடிக்கடி திட்டுகிறார்களே, அது என்ன?

தேர்தலில் நிற்காத அதிகாரிகள் விதி போடுவது, அமல்படுத்துவது, மீறியவரை விசாரிப்பது என்று மூன்று வேலையையும் தாங்களே செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாதத்தைக் காகிதத்தில் படிப்பதைவிட ஒரு மீன்பிடிப் படகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அட்லாண்டிக் கரையில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். மீன் வளம் அழியாமலிருக்க, பிடிப்பைக் கணக்கெடுக்கும் பார்வையாளர் ஒருவரைப் படகில் ஏற்றச் சொல்ல 1976-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. படகுக்காரர்கள் அதை மறுக்கவில்லை. அந்தப் பார்வையாளரின் கூலியை நீங்களே கொடுங்கள் என்று 2020-ல் மீன்வளத் துறை விதி போட்டது. நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகும் என்று துறையே மதிப்பிட்டிருந்தது. இந்தப் படகுகள் கூலி தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. கூடாது என்றும் எழுதவில்லை.

இப்படிச் சட்டம் மௌனமாக இருந்தால், துறை சொல்லும் பொருள் ஓரளவு ஏற்கத்தக்கது என்றால் நீதிமன்றம் அதற்கு வழிவிட வேண்டும் என்பது 1984-ல் செவ்ரான் வழக்கில் வந்த விதி. 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் 6 நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, துறையின் வேலை இல்லை என்றார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. 1984-ல் செவ்ரான் தீர்ப்பு கன்சர்வேட்டிவ்களுக்குக் கிடைத்த வெற்றி. ரீகன் அரசின் சுற்றுச்சூழல் துறை போட்ட தளர்வான விதியைத்தான் அது காப்பாற்றியது. அந்த விதி வந்தபோது துறைக்குத் தலைவர் ஆன் கோர்சச். 40 ஆண்டு கழித்து அதைக் கவிழ்த்தவர்களில் ஒருவர் அவர் மகன் நீல் கோர்சச். ஸ்காலியாவும் நெடுங்காலம் செவ்ரானை ஆதரித்தவர்தான். அன்று லிபரல் நீதிபதிகளைக் கண்டு பயந்தார்கள், பின்னாளில் அதிகாரிகளைக் கண்டு பயந்தார்கள்.

டிரம்பின் இறக்குமதி வரிக்கும் இதே அளவுகோல் பொருந்துமா?

பொருந்த வேண்டும். 2023-ல் பைடன் சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்யப் பார்த்தபோது, இவ்வளவு பெரிய முடிவுக்கு நாடாளுமன்றத்தின் தெளிவான அனுமதி எங்கே என்று கேட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. கன்சர்வேட்டிவ்கள் கைதட்டினார்கள். 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாடுகள் மீதும் வரி அறிவித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 1977-ம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டம். சுங்க வரி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று அரசமைப்பின் முதல் பிரிவே சொல்கிறது.

நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் வழக்குப் போட்டது. அதற்காக வாதாட வந்தவர்கள் சுதந்திரச் சந்தை பேசும் வழக்கறிஞர் அமைப்பினர். மே மாதம் பன்னாட்டு வணிக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அந்த வரிகள் செல்லாது என்றார்கள். மூவரில் ஒருவர் ரீகன் நியமித்தவர், ஒருவர் ஒபாமா நியமித்தவர், மூன்றாமவர் டிரம்பே நியமித்தவர். மாணவர் கடனில் பைடனை எதிர்த்துவிட்டு வரியில் வாய்மூடி இருந்தவர்களைவிட, இந்த வழக்கில் வந்து நின்ற கன்சர்வேட்டிவ்கள்தான் இயக்கத்தின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

பெரும்பான்மை இருந்தும் ஏன் நினைத்த சட்டத்தை நிறைவேற்ற முடிவதில்லை?

செனட்டில் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். 2025-ல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 53. ஆகவே ஒரே வழி, வரவு செலவு சார்ந்த மசோதாவுக்கு மட்டும் உள்ள ரீகன்சிலியேஷன். முதலில் இரு அவைகளும் ஒரு பட்ஜெட் தீர்மானம் நிறைவேற்றும். குழுக்கள் அதன்படி மசோதா எழுதும். பணத்தோடு நேரடித் தொடர்பில்லாத பகுதிகளை பேர்டு விதியின்படி நீக்கச் சொல்லி எதிர்க்கட்சி கேட்கும். செனட்டின் விதி ஆலோசகர் அதில் கருத்துச் சொல்வார். மிஞ்சியதைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம்.

2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரி மசோதா 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் வாக்கால் தேறியது. அது 10 ஆண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. கீழவையில் எதிர்த்து வாக்களித்த இரண்டு குடியரசுக் கட்சியினரில் தாமஸ் மேஸி ஒருவர். கடனைப் பற்றி இயக்கம் மேடையில் பேசுவதும் அவையில் செய்வதும் வேறு வேறு. கடைசியாக உபரி பட்ஜெட் வந்தது 2001 நிதியாண்டில்.

குறைந்த வாக்கு வாங்கியவர் அதிபராவது நியாயமா?

அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் வாக்குகள். ஜெயிக்க அவற்றில் 270 வேண்டும். 2000-லும் 2016-லும் மொத்த வாக்கில் பின்தங்கியவர் ஜெயித்தார். இது மாநிலங்கள் சேர்ந்து அமைத்த ஒன்றியம், மாநிலம் மாநிலமாகத்தான் எண்ண வேண்டும் என்பது கன்சர்வேட்டிவ் பதில். 2024-ல் டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு மொத்த வாக்கிலும் முந்தியதால் இந்தப் பேச்சு இப்போதைக்கு அடங்கியிருக்கிறது.

பள்ளி வவுச்சர் எப்படி வேலை செய்கிறது? கிராமத்துக் குடியரசுக் கட்சியினரே ஏன் எதிர்க்கிறார்கள்?

பிள்ளையைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்க அரசே பணம் தருவதுதான் வவுச்சர். அரசு செலவழிப்பது குழந்தைக்காக, கட்டடத்துக்காக இல்லை, ஆகவே பணம் குழந்தையின் பின்னால் போக வேண்டும் என்பது பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-லேயே முன்வைத்த வாதம். 1990-ல் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கி நகரத்து ஏழைக் குடும்பங்களுக்காக இதைத் தொடங்கியது. மதப் பள்ளியில் சேர்க்கவும் அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அனுமதித்தது. 2022-ல் அரிசோனா வருமான வரம்பே இல்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்துவிட்டது.

அரிசோனாவில் பெற்றோர் விண்ணப்பித்து, பிள்ளையை அரசுப் பள்ளியில் முழுநேரமாகச் சேர்க்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணையக் கணக்கில் பணம் வரும். சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். பள்ளிக் கட்டணம், டியூஷன், பாடப் புத்தகம் போன்றவற்றுக்கு மட்டும் செலவழிக்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சறுக்குவது எங்கே? நல்ல தனியார் பள்ளியின் கட்டணம் பல ஊர்களில் அந்தத் தொகையைவிட அதிகம். மீதியைக் கட்ட முடிந்தவருக்கே அது பயன்படும். பேருந்துச் செலவு பெற்றோர் தலையில். யாரைச் சேர்ப்பது என்பதும் பள்ளியின் விருப்பம். எல்லாருக்கும் என்று திறந்தவுடன், ஏற்கெனவே தனியார் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள்.

கிராமத்தில் கணக்கே வேறு. தனியார் பள்ளி 60 மைல் தள்ளி இருந்தால் வவுச்சரை வைத்து என்ன செய்வது? பல சிற்றூர்களில் அதிகம் பேருக்கு வேலை தருவதும் அரசுப் பள்ளிதான், வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடுவதும் அதன் கால்பந்து மைதானத்தில்தான். 2023 நவம்பரில் டெக்சாஸ் கீழவையில் 21 குடியரசுக் கட்சியினர் சேர்ந்து வவுச்சரைத் தோற்கடித்தார்கள். ஆளுநர் ஆபட் 2024 உள்கட்சித் தேர்தலில் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்து பலரை வீழ்த்தினார். 2025 மே மாதம் 100 கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்திட்டார். கென்டக்கியில் 2024 நவம்பரில் நேரடியாக மக்களிடமே கேட்டார்கள். டிரம்ப் மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த அதே நாளில், 120 மாவட்டங்களில் ஒன்றுகூட வவுச்சருக்கு வழிவிடும் திருத்தத்தை ஏற்கவில்லை. சொந்த ஊரையும் சொந்த ஊர்ப் பள்ளியையும் காப்பதும் கன்சர்வேட்டிவ் குணம்தான் என்பதைக் கட்சித் தலைமை அங்கே மறந்துவிட்டது.

மதமும் பண்பாடும் சார்ந்த வழக்குகளில் அவர்கள் கேட்பது என்ன?

பெரும்பாலும், என் மனசாட்சிக்கு விரோதமாக என்னை வற்புறுத்தாதே என்பது. 2023-ல் ஒரு இணையதள வடிவமைப்பாளர், தன் நம்பிக்கைக்கு மாறான திருமணத்துக்குத் தளம் செய்ய மறுக்கலாம் என்று 6-3 தீர்ப்பு வந்தது. மேரிலாந்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில், பாலினம் சார்ந்த சில கதைப் புத்தகங்கள் வாசிக்கும்போது பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ளலாம் என்று முதலில் அனுமதித்த பள்ளி நிர்வாகம் 2023-ல் அதை நிறுத்தியது. வழக்குப் போட்ட பெற்றோரில் முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள், உக்ரைன் மரபுவழிக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. தன்பாலினத் திருமணத்தில் இயக்கமே பிரிந்து நிற்கிறது. அதை மத்திய சட்டத்தில் ஏற்கும் மசோதாவுக்கு 2022-ல் செனட்டில் 12 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள்.

எச்-1பி விசாவில் கன்சர்வேட்டிவ்கள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. திறமையாளர் வந்தால் நாட்டுக்கு லாபம் என்று தொழில்துறைத் தரப்பு சொல்கிறது. உள்ளூர் ஊழியரின் சம்பளத்தை இது அமுக்குகிறது என்று தேசியத் தரப்பு சொல்கிறது. 2024 டிசம்பரில் இந்தச் சண்டை வீதிக்கு வந்தது. ஈலான் மஸ்க்கோடு விசாவை ஆதரித்துப் பேசியவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டிலிருந்து போன, தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை. 2025 செப்டம்பரில் டிரம்ப் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தபோது தேசியத் தரப்பின் கை ஓங்கியது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களின் புதுப்பித்தலுக்கு அது பொருந்தாது என்று அரசு பிறகு விளக்கியது. வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பயணத்தை ரத்து செய்யாமல், உங்கள் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பிறப்புவழிக் குடியுரிமையும் நம்மவர்களைத் தொடுகிறது. 2025 ஜனவரி 20 ஆணையின்படி, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ இல்லாவிட்டால் அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. எச்-1பி தம்பதிகளும் இதில் வருவார்கள். மூன்றே நாளில் சியாட்டிலில் அதைத் தடுத்து நிறுத்திய நீதிபதி ரீகன் நியமித்தவர். 1868-ல் வந்த 14-வது திருத்தத்தின் சொற்களையும் 1898-ல் வோங் கிம் ஆர்க் வழக்கில் வந்த தீர்ப்பையும் வைத்துப் பார்த்தால் ஆணை நிற்காது என்பது பல ஒரிஜினலிஸ்டுகளின் வாதம். சட்டத்துக்குட்பட்ட நிரந்தர வாசம் இருந்தால்தான் அந்தத் திருத்தம் பொருந்தும் என்று மறுப்போரும் அவர்களிலேயே உண்டு.

ஒரு தீர்ப்பை நானே படிக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். பெரிய தீர்ப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசி இரண்டு வாரத்தில் வரும். முதல் சில பக்கங்கள் சுருக்கம். அது நீதிமன்ற அலுவலர் எழுதியது, சட்டபூர்வமாகத் தீர்ப்பின் பகுதி இல்லை, ஆனால் வழிகாட்டும். சுருக்கத்தின் கடைசியில் யார் எழுதினார், யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்று இருக்கும். அதை முதலில் பாருங்கள். பிறகு பெரும்பான்மைத் தீர்ப்பின் முதல் பகுதியில் வழக்கின் கதை. அடுத்து மறுப்புத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், பெரும்பான்மை எதை மழுப்பியது என்று அதில் தெரியும். முடிவோடு ஒத்துப்போய்க் காரணத்தில் மாறுபடும் தனித் தீர்ப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விட்டுவிடாதீர்கள். அடுத்த வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.